ராஜா கேட்ட வரம்

குமாரலிங்கபுரத்துக் கரிசல் வெயிலில் நடந்தவனுக்குத்தான் சத்திரம் என்ற சொல்லின் அருமை தெரியும். ஒரு கிணறு, ஒரு திண்ணை, தலைக்கு மேல் ஒரு கூரை. ராமேசுவரத்துக்குக் கால்நடையாகப் போன ஜனங்களுக்கு வேறென்ன வேண்டும்?

1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டதையும் சத்திரம் கட்டியதையும் எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கூடச் சொல்வார்கள். ஆனால் என் மனத்தைத் தொட்டது தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் கதை.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் தவிர ராஜ்யம் முழுவதும் கும்பினியார் வசமாயிற்று. 1801-ல் அவர் ஆங்கிலேய ரெஸிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் கேட்டது என்ன? போன ராஜ்யத்தையா? இல்லை. தம் முன்னோர் வைத்த சத்திரங்களின் தருமம் நின்றுவிடக் கூடாது என்றுதான் கேட்டார். வழிப்போக்கருக்குச் சோறு, நோயாளிக்கு வைத்தியம், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பராமரிப்பு, அநாதைக் குழந்தைக்குப் படிப்பு, இத்தனையும் அங்கே நடந்து வந்தன.

அடுத்த ஆண்டு, 1802-ல், ஒரத்தநாட்டில் அவருடைய காதலி முக்தாம்பாள் பெயரால் ஒரு சத்திரம் எழுந்தது. உள்ளே தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள். வெளியே சுவரையே தேராக்கி, குதிரைகளும் யானைகளும் இழுப்பதுபோல் சிற்ப வேலை. ஷாஜகான் மனைவிக்குக் கல்லறை எழுப்பினார். சரபோஜி காதலியின் பெயரால் இலை போட்டார்!

வாரிசு இல்லையென்று 1855-ல் அந்தப் பட்டமும் போயிற்று. இருந்தால் என்ன? ராஜ்யம் கைவிட்டுப் போன பிறகும், பசித்தவன் வாசலிலிருந்து திரும்பிவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர் ராஜா அல்லவா?