இணைந்த அழைப்பும் எட்டாத வலையும்: தொலைபேசிவழி இணையத்தில் வழித்தடக் கோளாறுகள்

தமிழ் இணைய வரலாறு பெரும்பாலும் எழுத்துருக்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டுக்கும் விசைப்பலகைக்கும் குறியேற்றங்களுக்கும் அதில் உரிய இடம் உண்டு. அவ்வெழுத்துகள் பயணம் செய்த வழித்தடமோ அவ்வளவாகக் கவனிக்கப்படவில்லை. வழியைத் தீர்மானிக்கும் பொறுப்பு மனிதர் கையிலிருந்து கணினிக்கு மாறிய காலம் தொலைபேசிவழி இணைப்பின் காலமாகும். கோளாறு கண்டறியும் முறையும் அதனோடு மாறியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1986-இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் இந்திய அரசு தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் பங்குபெற்றது. தொடக்கத்தில் யுயுசிபி என்னும் முறை கையாளப்பட்டது. ஒரு கணினி மற்றொன்றைத் தொலைபேசியில் அழைத்து, தேங்கியிருந்த மடல்களை ஒப்படைத்துவிட்டு இணைப்பைத் துண்டிக்கும். இம்முறையில் மடல் எழுதுவோர் இடைப்பட்ட கணினிகளின் பெயர்களை வியப்புக்குறியிட்டு வரிசையாக முகவரியிலேயே எழுதும் வழக்கம் உலகெங்கும் இருந்தது. கிளியூருக்கு எழுதும் கடிதத்தில் 'ஏற்காடு வழி' என்று குறிப்பது போன்றது அது. வழி கண்ணுக்குத் தெரிந்ததால் பிழையும் அதிலேயே தெரிந்தது.

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தொடக்க நகரங்களுள் சென்னையும் ஒன்று. சேலத்திலோ ஏற்காட்டிலோ இருந்தவருக்கு அது வெளியூர் அழைப்பு. கோளாறு தேடும் ஒவ்வொரு நிமிடமும் கட்டணமாக ஏறியது. மலிவான ஷெல் கணக்கு வைத்திருந்தவரின் கணினி வெறும் முனையமே; அதற்கு வழித்தடக் கவலை இல்லை. பிபிபி நெறிமுறையில் இணைந்த கணினியோ தனக்கென ஐபி முகவரி பெற்று, வலையின் உறுப்பாகவே ஆனது. வழித்தட அட்டவணை இல்லத்துக்குள் நுழைந்தது இவ்வாறுதான்.

இக்காலத்தின் தனித்த கோளாறு ஒன்றுண்டு. மோடம் இணைந்துவிடும், முகவரியும் கிடைத்துவிடும். ஒரு பக்கமும் திறக்காது. காரணம் பெரும்பாலும் முன்னிருப்புப் பாதை. ஈதர்நெட் அட்டையும் மோடமும் சேர்ந்திருந்த அலுவலகக் கணினிகளில் இது மிகுதி. ஏற்காட்டிலிருந்து இறங்க அடிவாரம் வழியும் உண்டு, குப்பனூர் வழியும் உண்டு. அடைபட்ட சாலையைக் கைகாட்டி காட்டினால் திறந்த சாலையால் பயனில்லை. லினக்ஸில் பிபிபிடி நிரல், ஈதர்நெட் பக்கம் ஏற்கெனவே முன்னிருப்புப் பாதை இருந்தால் அதை மாற்றாமல் விட்டுவிடும். பதிவேட்டில் மட்டும் ஒரு வரி எழுதிவைக்கும். அவ்வரியைப் படித்தவர் சிலரே. விண்டோஸ் 95 இதற்கு மாறானது. தொலைவலையின் நுழைவாயிலையே பயன்படுத்தும்படி அமைத்திருந்தால் இணையம் கிடைக்கும். அலுவலகத்தின் வேறு பிரிவுகளிலுள்ள கணினிகள் மறைந்துவிடும்.

ஆகவே கண்டறிதல் படிப்படியாக அமைந்தது. முதலில் தொலைபேசியின் மறுமுனையிலுள்ள முகவரிக்குப் பிங் அனுப்புவது, பின்னர் தொலைவிலுள்ள ஓர் எண்முகவரிக்கு, இறுதியாகப் பெயருக்கு. மறுமுனை பதிலளித்துத் தொலைவு பதிலளிக்காவிடில் வழித்தடத்தை ஐயுறலாம். எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிடில் குறை பெயர்ச்சேவையகத்தில். வழித்தடத்தைத் தொட வேண்டியதில்லை. எளிய முறைதான், ஆயினும் அழைப்பு நிமிடங்களை மிச்சப்படுத்தியது இதுவே.

ஒரு மோடத்தைப் பல கணினிகள் பகிர்ந்த இடங்களில் சிக்கல் வேறு வடிவெடுத்தது. 1999-இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பின் பகிர்வு வசதி, மோடமுள்ள கணினிக்கு 192.168.0.1 என்னும் தனிமுகவரியை அளித்தது. மற்றவை அதையே நுழைவாயிலாகக் கொள்ள வேண்டும். முகவரி மாற்றம் நிகழாமல் பொதி வெளியேறினால் அது போய்ச் சேர்ந்தாலும் பதில் திரும்பாது. தனிமுகவரிக்குப் பொதுவலையில் வழி கிடையாது. அனுப்பும் வழியை மட்டுமே ஆராய்ந்தவர்க்கு இக்கோளாறு பிடிபடவில்லை.

2005-இல் பிஎஸ்என்எல் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபின், முன்னிருப்புப் பாதையை அமைக்கும் வேலை கணினியை விட்டு மோடப் பெட்டிக்குச் சென்றது. அப்பெட்டி பேசியதும் பிபிபி நெறிமுறையே. தொலைபேசி எண்ணைச் சுழற்றும் ஓசை மட்டும் இல்லை.