மைக்குக்குக் காசு கொடுத்தவர்

ரீகனின் அந்த மைக் வீடியோவை நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். 1980 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. நியூ ஹாம்ப்ஷர் மாநிலத்தின் நாஷுவா என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்து ஜிம்னாசியம். குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிடுகிறவர்களின் விவாதம் ஆரம்பமாக வேண்டும். ரீகன் ஏதோ விளக்கம் சொல்ல முயல்கிறார். விவாதத்தை நடத்தும் உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், அவருடைய மைக்கை அணைக்கச் சொல்கிறார். ரீகனுக்குக் கோபம் வந்துவிடுகிறது. இந்த மைக்குக்குக் காசு கொடுக்கிறது நான்தான் என்று ஒரு அதட்டல். ஆசிரியரின் பெயர் ஜான் பிரீன். கோபத்தில் அதைக்கூட 'கிரீன்' என்றுதான் சொல்கிறார். கூட்டம் எழுந்து ஆர்ப்பரிக்கிறது.

வீடியோ பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். எனக்கு என்னவோ ரீகனைவிட அவருக்குப் பின்னால் நிற்கிற நாலு பேர்மேலதான் கண் போகும். பாப் டோல், ஹோவர்ட் பேக்கர், ஃபில் கிரேன், ஜான் ஆண்டர்சன். இரண்டு செனட்டர்கள், இரண்டு கீழவை உறுப்பினர்கள். உட்கார நாற்காலி கிடையாது, பேச மைக் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தியில் இலை கிடைக்காதவர்கள் மாதிரி நிற்கிறார்கள். நாற்காலி கிடைத்த இன்னொருவர் ஜார்ஜ் புஷ் (அப்பா புஷ்). அந்த நால்வர் பக்கம் திரும்பாமல் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த நாலு பேருக்கும் இடம் வேண்டும் என்றுதான் அன்றைக்கு ரீகன் சண்டை போட்டார். சரி, ஏழு வாரத்துக்கு முன்னால் அதே ரீகன் என்ன செய்தார்? அதை யாரும் வீடியோவாகப் பகிர்வதில்லை. பகிரவும் முடியாது. அன்றைக்கு அவர் மேடைக்கே வரவில்லை.

நம்மூரில் யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைமை அறிவித்துவிடும். அமெரிக்காவில் அதற்கே மாநிலம் மாநிலமாக ஒரு தேர்தல் நடக்கும். சில இடங்களில் பிரைமரி என்ற நேரடி வாக்குப்பதிவு, சில இடங்களில் காக்கஸ் என்ற கட்சிக்காரர் கூட்டம். அந்த வரிசையில் அப்போதெல்லாம் முதலில் வருவது அயோவா காக்கஸ். அதையொட்டி, 1980 ஜனவரி 5 அன்று, அம்மாநிலத்தின் பெரிய பத்திரிகை நிறுவனம் டி மாயின் நகரில் ஒரு விவாதம் ஏற்பாடு செய்தது. புஷ், டோல், பேக்கர், கிரேன், ஆண்டர்சன், டெக்சாஸ் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் ஜான் கானலி என்று ஆறு பேர் வந்தார்கள். ரீகன் மட்டும் வரவில்லை.

வராததற்குக் காரணம் சோம்பல் அல்ல, கணக்கு. பிரசாரத்தை நடத்திய ஜான் சியர்ஸின் யோசனை அது: ரீகன் எல்லோருக்கும் மேலே இருக்கிறார், ஆறு பேரோடு ஏழாவதாக நின்றால் அவர்கள் உயர்வார்கள், இவர் இறங்குவார். இந்தக் கணக்கை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. 1930களில் ரீகன் வேலை பார்த்ததே டி மாயின் நகரத்து வானொலியில்தான். அயோவா நம்ம ஊரு, எங்கே போய்விடும் என்ற நினைப்பு அவருக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் அயோவாவில் செலவிட்டது சில நாள்கள்தான். புஷ்ஷோ ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அந்த விவாதத்தில் ஆறு பேரும் செய்தது என்ன? முந்தைய நாள்தான், ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததற்குப் பதிலடியாக, சோவியத்துக்குத் தானியம் விற்பதற்கு அதிபர் கார்ட்டர் தடை போட்டிருந்தார். அயோவா மக்காச்சோளத்தில் வாழும் மாநிலம். அந்த மேடையில் நின்று தடையை ஆதரித்த ஒரே ஆள் ஜான் ஆண்டர்சன். கடந்த காலத்தில் எதை மாற்றிக்கொள்ள விரும்புவீர்கள் என்ற கேள்விக்கு, வியட்நாம் போருக்கு வழி திறந்த டோன்கின் வளைகுடாத் தீர்மானத்துக்குத் தான் போட்ட ஓட்டைச் சொன்னார். ஜெயிக்க வாய்ப்பே இல்லை என்று ஊரே கைவிட்ட மனிதர் அவர். ஆனால் அதுவரை அவர் பெயரே கேள்விப்படாதவர்கள் அன்று நிமிர்ந்து பார்த்தார்கள். தேறாத வேட்பாளர்களால் என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டு பதில்களைத்தான். இழக்க எதுவும் இல்லாதவன்தான் இப்படிப் பேசுவான். முன்னணியில் இருப்பவர் பக்கத்தில் நின்றிருந்தால் அவரும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

ஜனவரி 21 அன்று காக்கஸ் நடந்தது. புஷ்ஷுக்குக் கிட்டத்தட்ட 32 சதவீதம், ரீகனுக்கு 30க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் சுமார் 2,000 ஓட்டு. சின்ன வித்தியாசம்தான். ஆனால் தோற்க மாட்டார் என்பதையே முதலாக வைத்து வியாபாரம் செய்தவர் தோற்றால், முதலே போச்சு.

இங்கே ஒரு சட்டச் சங்கதியைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அந்த மைக்குக்கு ரீகன் ஏன் காசு கொடுத்தார் என்பது புரியாது. 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டப்படி, வானொலியோ தொலைக்காட்சியோ ஒரு வேட்பாளருக்கு நேரம் ஒதுக்கினால், அதே பதவிக்குப் போட்டியிடும் மற்றவர்களுக்கும் சம நேரம் தர வேண்டும். 1972இல் கலிஃபோர்னியா பிரைமரியின்போது மெக்கவர்னும் ஹம்ஃப்ரியும் மட்டும் தொலைக்காட்சியில் மோதியபோது, ஷெர்லி சிஷோம் நீதிமன்றம் போய்த் தனக்கும் நேரம் வாங்கியது இந்தச் சட்டத்தை வைத்துத்தான். பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளராகப் போட்டியிட்ட முதல் கறுப்பினப் பெண் அவர். அவரையும் தேறாதவர் கணக்கில்தான் வைத்திருந்தார்கள். 1975இல் விதி தளர்ந்தது. வெளி அமைப்பு நடத்தும் விவாதத்தைச் செய்தி நிகழ்ச்சியாக ஒளிபரப்பலாம், சம நேரம் தேவையில்லை என்றானது. அதன் பிறகுதான் பத்திரிகைகளும் மகளிர் வாக்காளர் கழகமும் விவாத மேடை போட ஆரம்பித்தன. யாரைக் கூப்பிடுவது என்ற அதிகாரமும் அதோடு அவர்கள் கைக்குப் போனது.

நாஷுவா பத்திரிகை கூப்பிட்டது ரீகனையும் புஷ்ஷையும் மட்டும். டோல் விடவில்லை, தேர்தல் ஆணையத்திடம் புகார் கொடுத்தார். இரண்டு பேருக்கு மட்டும் பத்திரிகை செலவு செய்தால், அது அந்த இருவருக்கும் கொடுக்கும் சட்டவிரோத நன்கொடை என்று ஆணையம் சொல்லிவிட்டது. செலவைப் பாதிப் பாதியாகப் பகிரலாமா என்று ரீகன் தரப்பு கேட்க, புஷ் தரப்பு மறுத்தது. அப்படித்தான் சுமார் 3,500 டாலர் மொத்தமும் ரீகன் தலையில் விழுந்தது. காசைக் கட்டிய கையோடு, விடுபட்டவர்களையும் மேடைக்கு வரச்சொல்லி ரீகன் தரப்பே கூப்பிட்டது. தென் கரோலினாவில் இருந்த கானலி தவிர மற்ற நால்வரும் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது புஷ்ஷைப் பாருங்கள். அயோவாவில் ஜெயித்தபின் முன்னணியில் இருக்கிறவர் அவர். அவருடைய கணக்கு என்ன? இரண்டு பேர் மட்டும் நின்றால் போட்டி இரண்டு பேருக்குள்தான் என்று ஆகிவிடும். மற்ற நாலு பேருக்கு ஏன் உயிர் கொடுக்க வேண்டும்? ஜனவரியில் சியர்ஸ் போட்ட அதே கணக்கு, ஆள் மட்டும் மாறிவிட்டது. தனக்கு அயோவாவை வாங்கிக்கொடுத்த மேடையே ஆறு பேர் நின்ற மேடை என்பதை ஒரே மாதத்தில் மறந்துவிட்டார் மனுஷன்.

நால்வரும் வெளியே போய்ப் பத்திரிகையாளர்களிடம் புஷ்ஷைத் திட்டித் தீர்த்தார்கள். அதன் பிறகு நடந்த இருவர் விவாதத்தில் என்ன பேசினார்கள் என்பது யாருக்கும் நினைவில்லை. பிப்ரவரி 26 அன்று வாக்குப்பதிவு: ரீகன் 50 சதவீதம், புஷ் 23. எல்லாம் அந்த மைக்கால்தான் என்று எழுதுகிறவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. நாஷுவாவுக்கு மூன்று நாள் முன்பு மான்செஸ்டர் நகரில் ஏழு பேரும் கலந்துகொண்ட ஒரு விவாதம் நடந்தது. அதட்டலும் இல்லை, மைக் சண்டையும் இல்லை. ரீகன் வந்தார், மற்ற ஆறு பேரோடு ஒருவராக நின்றார், பதில் சொன்னார். அயோவாவில் மறுத்ததை அங்கே செய்தார், அவ்வளவுதான். என் கணக்கில் திருப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. சியர்ஸை அவர் வேலையைவிட்டு நீக்கியது 26ஆம் தேதி, வாக்குப்பதிவு நடந்துகொண்டிருந்தபோதே.

இதோடு நிறுத்தினால் 'விவாதத்துக்கு வந்தவன் ஜெயிப்பான், ஒளிந்தவன் தோற்பான்' என்று நீதிக்கதையாகிவிடும். வரலாறு அவ்வளவு சமர்த்தாக நடந்துகொள்வதில்லை. அதே அயோவா, அதே ஜனவரி, எதிர்க்கட்சி. அதிபர் கார்ட்டருக்கு எதிராக அவர் கட்சிக்குள்ளேயே எட்வர்ட் கென்னடி நின்றார். விவாதத்துக்கு ஒப்புக்கொண்டிருந்த கார்ட்டர், ஈரானில் பணயக்கைதிகள் பிரச்சினை இருக்கிறது, வெள்ளை மாளிகையை விட்டு நகர முடியாது என்று கடைசியில் விலகிவிட்டார். முடிவு? கார்ட்டர் 59, கென்னடி 31. தண்டனையே கிடைக்கவில்லை.

கிடைக்கவில்லையா, தள்ளிப்போனதா? கென்னடி விலகவில்லை. மே மாதம் ஒரு பேரம்கூடப் பேசினார்: என்னோடு விவாதத்துக்கு வாருங்கள், அதன் பிறகு ஜூன் 3 அன்று நடக்கும் கடைசி பிரைமரிகளில் நீங்கள் ஜெயித்தால் நான் ஒதுங்கிவிடுகிறேன். கார்ட்டர் மறுத்தார். ஜூன் 3 அன்று எட்டு மாநிலங்களில் ஐந்தைக் கென்னடி எடுத்தார், சண்டை ஆகஸ்ட் மாநாடு வரை இழுத்தது. செப்டம்பரில் இன்னொரு மேடை வந்தது, பால்டிமோரில். அயோவாவில் பார்த்தோமே ஆண்டர்சன், அவர் இப்போது சுயேச்சை. கருத்துக்கணிப்பில் 15 சதவீதம் தாண்டியதால் மகளிர் வாக்காளர் கழகம் அவரையும் அழைத்தது. அவர் வந்தால் நான் வர மாட்டேன் என்றார் கார்ட்டர். அவருக்காக ஒரு காலி நாற்காலி போடலாமா என்றுகூட யோசித்துப் பிறகு கைவிட்டார்கள். ரீகனும் ஆண்டர்சனும் மட்டும் பேசினார்கள்.

அக்டோபர் 28, கிளீவ்லாந்து. தேர்தலுக்கு ஒரு வாரம். அந்த ஆண்டு முழுக்க கார்ட்டர் எதிராளி ஒருவரோடு ஏறிய ஒரே விவாத மேடை அது. அவருடைய முந்தைய விவாதம் 1976 அக்டோபர் 22 அன்று ஃபோர்டோடு நடந்தது. ரீகனோ மான்செஸ்டர், நாஷுவா, தென் கரோலினா, சிகாகோ, ஹூஸ்டன், பால்டிமோர் என்று ஆண்டு முழுக்க மேடையேறிப் பழகிவிட்டு வந்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று மக்களைப் பார்த்துக் கேட்டார். 44 மாநிலங்கள் அவருக்கு. பணவீக்கமும் பணயக்கைதிகளும் இல்லாமல் இது நடந்திருக்காது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழக்கம் இல்லாத கை எது, பழகிய கை எது என்று அன்றைக்குத் தெரிந்தது.

டிரம்ப் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்து பார்த்தவர். 2016இல் அயோவாவுக்கு நாலு நாள் முன்னால் விவாதத்தைப் புறக்கணித்தார், அயோவாவில் குரூஸிடம் தோற்றார். 2023இல் மில்வாக்கியில் எட்டுப் பேர் நின்ற முதல் விவாதத்திலிருந்து கடைசி வரை எதற்குமே போகவில்லை. அயோவாவில் 51 சதவீதம் வாங்கினார். போட்டி நெருக்கமாக இருந்தால் வராமை உறுத்தும், மலையளவு முன்னிலை இருந்தால் உறுத்தாது. வேட்பாளர் தரப்பிலிருந்து பார்த்தால் கணக்கு இவ்வளவுதான்.

என் சங்கடம் வேட்பாளரைப் பற்றியது அல்ல, கட்சியைப் பற்றியது. எவன் வந்து நின்றாலும் மேடை கொடுக்க வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். 2023இல் பைடனுக்கு எதிராக நின்றவர்களில் தடுப்பூசிக்கு எதிராகப் பேசிவந்த ராபர்ட் கென்னடி ஜூனியரும் உண்டு (அக்டோபரில் சுயேச்சையாகிவிட்டார்). நியாயமான கேள்விதான். அதற்குத்தான் 15 சதவீதம் மாதிரி ஒரு வரம்பு. அந்த வரம்பை யார் வைப்பது? முன்னணியில் இருப்பவரே வைத்தால் அது எப்போதும் அவருடைய எதிராளியின் தலைக்கு ஒரு சாண் மேலேதான் இருக்கும்.

ஜனநாயகக் கட்சி வரம்பு எதுவும் வைக்கவில்லை, விவாதமே வைக்கவில்லை. பதவியில் இருக்கிற அதிபர் கட்சிக்குள் விவாதத்துக்குப் போவது வழக்கமில்லை என்றார்கள். வழக்கமில்லைதான்: ஃபோர்டு ரீகனோடு போகவில்லை, கார்ட்டர் கென்னடியோடு போகவில்லை, 1992இல் அதே ஜார்ஜ் புஷ் புக்கேனனோடு போகவில்லை. அந்த மூன்று பேருமே நவம்பரில் தோற்றார்கள் என்பதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

மினசோட்டாவின் கீழவை உறுப்பினர் டீன் ஃபிலிப்ஸ், பைடனுக்கு வயதாகிவிட்டது, வேறு ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் போட்டியில் இறங்கினார். நியூ ஹாம்ப்ஷரில் அவருக்குக் கிட்டத்தட்ட 20 சதவீதம். வாக்குச்சீட்டில் பெயரே இல்லாத பைடன், மக்கள் கையால் எழுதிப்போட்ட ஓட்டில் ஜெயித்தார். மார்ச் தொடக்கத்தில் ஃபிலிப்ஸ் விலகினார். ஜூன் மாதத்துக்குள் பிரைமரிகள் முடிந்து, கிட்டத்தட்ட எல்லா மாநாட்டுப் பிரதிநிதிகளும் பைடன் கையில்.

பைடனின் முந்தைய விவாதம் 2020 அக்டோபர் 22. கார்ட்டருடையதும் ஒரு அக்டோபர் 22தான், தற்செயல், வேறொன்றுமில்லை. டிரம்புக்கும் அதே இடைவெளிதானே, அவர் தடுமாறவில்லையே என்று கேட்கலாம். சரிதான், அதனால் பழக்கம் விட்டுப்போனதை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். 2024 ஜூன் 27 அன்று அட்லாண்டாவில் ஜனநாயகக் கட்சிக்காரர்கள் பார்த்தது, ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷரில் ஃபிலிப்ஸின் பக்கத்தில் பைடன் நின்றிருந்தால் அப்போதே பார்த்திருக்கக்கூடியது. ஜனவரியில் என்றால் ஓட்டுப்போட இன்னும் நாற்பத்துச் சொச்சம் மாநிலங்கள் பாக்கி இருந்தன. ஜூலை 21 அன்று பைடன் விலகியபோது ஒன்றுகூட இல்லை.