கடல் தாண்டும் படிப்பு: யாருக்குக் கிடைத்தது கப்பல் கட்டணம்?

துடியலூரிலிருந்து கவுண்டம்பாளையம் வழியாகக் கோவைக்குள் போகும் மேட்டுப்பாளையம் சாலையில் 'வெளிநாட்டில் படிக்கலாம்' என்ற விளம்பரப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. அதே சாலையைக் கூட்டும் அருந்ததியர் பெண்ணின் மகளுக்கும் அந்தப் பலகை பொருந்துமா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால், நம் மக்கள் கல்விக்காகக் கடல் தாண்டிய வரலாற்றை நாம் முதலில் படிக்க வேண்டும்.

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று ஆதிக்க சாதியினர் அஞ்சிய காலம் ஒன்று இருந்தது. அதே காலத்தில்தான் நம் முன்னோர்கள் இலங்கையின் தோட்டங்களுக்கும் நேட்டாலின் கரும்புக் காட்டுக்கும் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் கடல் தீட்டு. நமக்குக் கடல் கூலி. கல்விக்காக நாம் கடல் தாண்டியது வெகு பின்னால் நடந்தது.

நம் கோவையிலிருந்தே தொடங்கலாம். இரட்டைமலை சீனிவாசன் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோயம்புத்தூரில் கல்வி கற்றார். ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் தவிர மற்ற எல்லோரும் பார்ப்பனர்கள் என்று தன் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் பதிவு செய்திருக்கிறார். தன் சாதி தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, மற்றவர்களோடு பழகாமல் ஒதுங்கியே இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. கோவையில் கல்வி அன்றைக்கு அப்படித்தான் இருந்தது.

அந்த மாணவர் பின்னாளில் செய்த ஒரு செயலை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். லண்டனில் மட்டும் நடந்த ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டது. 1893இல் சீனிவாசனின் பறையர் மகாஜன சபை அதை எதிர்த்து, 3,412 பேர் கையெழுத்திட்ட மனுவை பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது. தேர்வு இங்கே நடந்தால், ஏற்கெனவே கல்வியைக் கையில் வைத்திருந்தவர்களே அதிகாரம் முழுவதையும் அள்ளிக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம். இதைத் தேசத்துரோகம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். எந்தக் கதவு யாருக்குத் திறக்கிறது என்று கேட்ட மனு அது என்றே நாம் படிக்கிறோம்.

1913இல் 22 வயது அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை தந்தார். படித்து முடித்ததும் பத்தாண்டு பரோடாவில் பணியாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் உதவித்தொகை முடிந்துவிட, லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் உயர்பதவி இருந்தும் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் அடையாளம் தெரிந்ததும் விரட்டப்பட்டார். கோலாப்பூர் சாகு மகாராஜின் உதவியும் நண்பரிடம் வாங்கிய கடனும் சேர்ந்துதான் 1920இல் அவரை மீண்டும் லண்டனுக்கு அனுப்பின.

ஒரு மன்னரின் மனம் இரங்கினால்தான் ஒரு தலித் படிக்க முடியும் என்ற நிலையை அவர் ஏற்கவில்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் இடம்பெற்றதும் 1942இல் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாகக் கொடுத்தார். கல்வி உதவித்தொகைக்கு 3 லட்சம் ரூபாய் பெற்றதோடு, மாணவர்களை வெளிநாட்டுக்கும் அனுப்பச் செய்தார். தயவாகக் கிடைத்த ஒன்று இப்படித்தான் உரிமையானது. 1954-55இல் தொடங்கிய ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை அந்த வழியில் வந்ததே.

இன்று அந்தத் திட்டத்தில் நாடு முழுமைக்கும் 125 இடங்கள். முதுகலைக்கும் முனைவர் ஆய்வுக்கும் மட்டுமே உதவி. பல்கலைக்கழகம் கியூ.எஸ். தரவரிசையில் முதல் 500க்குள் இருக்க வேண்டும். 2022இல் வந்த விதி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்றது. 1916இல் கொலம்பியாவில் அம்பேத்கர் வாசித்த கட்டுரை 'இந்தியாவில் சாதிகள்'. அந்தத் தலைப்போடு இன்று விண்ணப்பித்தால் அவருக்கே உதவித்தொகை கிடைக்காது! 2025இல் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே ஒப்புதல் கடிதம் போனது. மற்றவர்களுக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அதுவும் முதுகலைக்கும் ஆய்வுக்கும்தான்.

அப்படியானால் பிளஸ் டூ முடிக்கும் நம் பிள்ளைக்கு என்ன வழி? இங்கேதான் அமெரிக்காவின் 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகளை நாம் கவனிக்க வேண்டும். இவை பெரும்பாலும் இளங்கலை மட்டும் கற்பிக்கும் சிறிய கல்லூரிகள். கணிதமும் தத்துவமும் சேர்த்துப் படிக்கலாம். ஆம்ஹர்ஸ்ட், போடோயின் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்க்கை முடிவெடுக்கின்றன. சேர்த்த பின் குடும்பத்தால் கட்ட முடியாத தொகையைக் கடனாக இல்லாமல் மானியமாகவே தருகின்றன. மற்ற பெரும்பாலான கல்லூரிகளில் உதவி கேட்டாலே சேர்க்கை வாய்ப்பு குறையும். இந்த வேறுபாடு தெரியாமல் விண்ணப்பிப்பது வீண்.

இது நம்மால் முடியாத காரியமும் இல்லை. 2022இல் பீகாரின் முசகர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன், பென்சில்வேனியாவின் லஃபாயெட் கல்லூரியில் முழு உதவித்தொகையோடு இடம் பெற்றார். அவருக்கு வழிகாட்ட ஓர் அமைப்பு இருந்தது. நம் தெருக்களில் இல்லாதது அதுதான்.

தடைகள் எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறோம். நிதி உதவிப் படிவம் வருமான வரிக் கணக்கு, வங்கி இருப்பு, வீட்டின் மதிப்பு எல்லாம் கேட்கும். நம் வீடுகளில் கூலி கையில் வருகிறது, வரிக் கணக்கு கிடையாது, பலருக்கு வீட்டுக்குப் பட்டாவே இல்லை. வருமானச் சான்றிதழையும் நிலைமையை விளக்கும் கடிதத்தையும் ஆங்கிலத்தில் இணைக்க வேண்டும். தலைமையாசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். விண்ணப்பக் கட்டணத்துக்கு விலக்கு கேட்கலாம். எல்லாம் கிடைத்த பிறகும் விசாவுக்கு முன் 350 டாலர் செவிஸ் கட்டணம், விசா கட்டணம், விமானச் சீட்டு என்று கைப்பணம் தேவைப்படும். முழு உதவித்தொகை கிடைத்த பிள்ளையையும் இந்தக் கடைசிப் படி தடுத்துவிடக்கூடும்.

அங்கே போனால் சாதி இருக்காது என்றும் நாம் ஏமாற வேண்டாம். இருப்பதால்தான் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கோல்பி என்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி 2021இலும் சாதிப் பாகுபாட்டைத் தங்கள் விதிகளில் தடை செய்தன. கோவையில் சீனிவாசன் ஒதுங்கி நின்றது போல் நம் பிள்ளைகள் அங்கே ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. அந்த விதியின் பெயரைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம்.

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்றிய, மாநிலத் திட்டங்கள் இரண்டும் இளங்கலைக்கும் விரிய வேண்டும். தரவரிசை என்ற பெயரில் சிறிய கல்லூரிகளை ஒதுக்கக் கூடாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் 11ஆம் வகுப்பிலேயே வெளிநாட்டுச் சேர்க்கைக்கு வழிகாட்ட ஒருவரை அமர்த்த வேண்டும். உதவித்தொகை பெற்றவர்களின் பயணச் செலவுக்கு அரசு தனி நிதி வைக்க வேண்டும்.

அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். துடியலூர், வெள்ளக்கிணறு பக்கம் நம் வீட்டுப் பிள்ளைகளில் பட்டம் முடித்தவர்கள் பலர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பிளஸ் ஒன் மாணவரைக் கையில் எடுத்து, கட்டுரை எழுதவும் படிவம் நிரப்பவும் துணை நில்லுங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய மாதம் ஜனவரி. வேலையை அதற்கு ஓராண்டு முன்பே தொடங்க வேண்டும்.