வேலை போனால் எந்தக் கதவைத் தட்டுவது? - செஞ்சியிலிருந்து ஒரு சட்ட வரலாறு

செஞ்சி கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். ஏழு வருடமாக அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம், இரவு கடை சாத்தும் நேரத்தில் முதலாளி, "நாளைலேர்ந்து வர வேணாம்பா" என்கிறார். காரணமும் சொல்லவில்லை, கையில் ஒரு காகிதமும் தரவில்லை.

அவர் என்ன செய்வார்? வீட்டுக்குப் போனதும் செல்போனை எடுத்து இணையத்தில் தேடுவார். பத்து நிமிடத்தில் இருபது பதில்கள் வந்துவிடும். சிலது மும்பை சட்டம், சிலது அமெரிக்கச் சட்டம், சிலது பத்து வருடத்துக்கு முன் எழுதியது. எது தனக்குப் பொருந்தும் என்பதை மட்டும் எந்தப் பக்கமும் சொல்லாது. ஏன் இந்தக் குழப்பம் என்று புரிய வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

1761-ல் செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர் கைக்குப் போனது. காலப்போக்கில் இந்தப் பகுதியை ஆண்ட சட்டமும் அவர்களுடையதானது. வேலை சம்பந்தமாக அவர்கள் முதலில் போட்ட முக்கியமான சட்டங்களில் ஒன்று 1859-ஆம் ஆண்டின் 13-வது சட்டம். முன்பணம் வாங்கிய வேலையாள் பாதியில் வேலையை விட்டால், முதலாளி மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்கலாம். வேலையாள் மூன்று மாதம் வரை சிறைக்குப் போக நேரிடும். முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அவருக்கு இதுபோன்ற சிறை கிடையாது! இந்தச் சட்டம் 1925-ல்தான் நீக்கப்பட்டது. அதாவது, தொழிலாளிக்கு அன்று வக்கீல் தேவைப்பட்டது உரிமையைக் கேட்க அல்ல, சிறைக்குப் போகாமல் தப்பிக்க.

அடுத்த திருப்பம் சென்னையில் நடந்தது. 1918 ஏப்ரல் 27-ல் பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி.வாடியா தலைவர். திரு.வி.க.வும் அதில் முன்னணியில் இருந்தார். 1920-ல் ஆலை நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. 'எங்கள் தொழிலாளர்களை ஒப்பந்தத்தை மீறத் தூண்டுகிறார்கள்' என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றமும் தடை உத்தரவு கொடுத்தது. கடைசியில் வாடியா தொழிற்சங்கத்தை விட்டு விலக ஒப்புக்கொண்ட பிறகுதான் வழக்கு முடிவுக்கு வந்தது.

சங்கம் வைப்பதே ஆபத்து என்று ஆகிவிட்ட நிலையில், 1921 மார்ச்சில் மத்திய சட்டசபையில் என்.எம்.ஜோஷி தொழிற்சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதன் பலன்தான் 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம். தொழில் தகராறில் 'ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்' என்பதற்காக மட்டும் பதிவு பெற்ற சங்கத்தின் மீது சிவில் வழக்குப் போட முடியாது என்று அது சொன்னது. சென்னையில் தோற்ற ஒரு வழக்கு இந்தியா முழுமைக்கும் ஒரு சட்டத்தை வாங்கித் தந்தது!

1947-ல் தொழில் தகராறுகள் சட்டம் வந்தது. இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. சமரச அதிகாரி முன் வக்கீல் ஆஜராகக் கூடாது. தொழிலாளர் நீதிமன்றத்திலும் எதிர்த்தரப்பு சம்மதித்து, நீதிமன்றமும் அனுமதித்தால்தான் வக்கீல் வைக்கலாம். பணம் உள்ள நிர்வாகம் பெரிய வக்கீல்களைக் கொண்டுவந்து ஏழைத் தொழிலாளியை மடக்கிவிடக் கூடாது என்பதுதான் எண்ணம். அதனால் சங்க நிர்வாகிகளே வாதாடினார்கள். சட்டப் படிப்பு படிக்காமலே தொழிலாளர் சட்டத்தில் கரைகண்டவர்கள் அப்படி உருவானார்கள். 2020-ல் இயற்றப்பட்ட தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் இந்த ஏற்பாடு தொடர்கிறது.

ஆனால் சங்கமே இல்லாத ஆள்? அவர் பாடு திண்டாட்டம். 1965 வரை, தனி ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால், சங்கமோ சக தொழிலாளர்களோ கை கொடுக்காவிட்டால் அது 'தொழில் தகராறு' ஆகாது. 1965-ல் 2-ஏ என்ற பிரிவைச் சேர்த்து இதைச் சரி செய்தார்கள். அப்போதும் அரசு அனுப்பி வைத்தால்தான் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். சமரசம் தோற்றால் தொழிலாளியே நேராகப் போகலாம் என்று தமிழ்நாடு 1988-ல் திருத்தம் செய்தது. மத்திய அரசு இதே வழியை 2010-ல்தான் திறந்தது. சமரச அதிகாரியிடம் மனு கொடுத்து 45 நாள் கழிந்தால் நேரே போகலாம். ஆனால் வேலை நீங்கிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் போக வேண்டும் என்றது அந்தத் திருத்தம்.

இங்கேதான் இணையத்தின் எல்லை தெரிகிறது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்தன. 1926 சட்டமும் 1947 தொழில் தகராறுகள் சட்டமும் போய்விட்டன. புதிய தொகுப்பில் அந்த 3 வருடம் 2 வருடமாகக் குறைந்துவிட்டது. ஆனால் '3 வருடம்' என்று எழுதிய பழைய பக்கங்கள் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. அவை பொய் இல்லை. எழுதிய அன்று அவை உண்மை. அதை நம்பி இரண்டரை வருடம் கழித்துப் போகிறவருக்கு மட்டும் அது பெரிய நஷ்டம். 2025 நவம்பருக்கு முன்பே வேலை போனவருக்கு எந்தக் கணக்கு என்பது இன்னும் சிக்கல். அதைக் காகிதங்களைப் பார்த்துத்தான் ஒரு வக்கீல் சொல்ல முடியும்.

நம் ஜவுளிக்கடைக்காரருக்கு இன்னொரு வழியும் உண்டு. அதைத் தேடல் முடிவுகளின் முதல் பக்கத்தில் பெரும்பாலும் பார்க்க முடியாது. அது 1947-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். (கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் திருத்தப்பட்டதே, அதே சட்டம்தான்.) இதன் 41-வது பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நீக்கக் கூடாது. நோட்டீஸ் தராவிட்டால் அதற்கு ஈடாகச் சம்பளம் தர வேண்டும். விசாரணையில் தவறு நிரூபணமானால் மட்டுமே நோட்டீஸ் தேவையில்லை. நீக்கியதை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். எந்த வழி அவருக்கு நல்லது? சட்ட வாசகம் இரண்டையும் கொடுக்கும், ஆனால் எதைத் தேர்ந்தெடுப்பது என்று சொல்லாது.

சரி, நல்ல வக்கீலை எப்படிக் கண்டுபிடிப்பது? மற்ற வியாபாரத்தைப் போல விளம்பரம் பார்த்து முடியாது. இந்திய பார் கவுன்சில் விதிகள் வக்கீல்கள் விளம்பரம் செய்வதைத் தடை செய்கின்றன. 2008-ல்தான் பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறை போன்ற சில விவரங்களை மட்டும் இணையதளத்தில் போட அனுமதித்தார்கள். வக்கீல்களுக்கு நட்சத்திர மதிப்பெண் போட்டு, கட்டணம் போட்டு விற்கும் இணையதளங்கள் இந்த விதிக்கு விரோதமானவை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. ஆகவே ஐந்து நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

செஞ்சி நீதிமன்றத்தில் சிவில், கிரிமினல் வழக்குகள் நடக்கும். தொழிலாளர் வழக்குக்கான மன்றம் வேறு. எனவே ஊரில் பேர் பெற்ற நிலத் தகராறு வக்கீல் இதற்கும் சரியாக இருப்பார் என்று சொல்ல முடியாது. 'தொழிலாளர் வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? எனக்குக் கெடு எந்தத் தேதி? செலவு எவ்வளவு?' இந்த மூன்றையும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். கையில் காசு இல்லையா? 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

இணையம் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். தனக்கு ஒரு உரிமை இருக்கிறது என்று அந்த ஊழியருக்கு அன்றிரவே தெரிய வைத்தது அதுதான். 1859-ல் அந்த வசதி யாருக்கும் இல்லை. ஆனால் ராஜகிரியைத் திருவண்ணாமலை ரோட்டிலிருந்து யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மேலே ஏற, பாதை தெரிந்த ஒருவர் கூட வந்தால் நல்லது. சட்டமும் அப்படித்தான். முதல் தேடலை முடித்த கையோடு சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, வேலையை விட்டு நிறுத்திய தேதி ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, அந்த வாரத்திலேயே ஒருவரை நேரில் பார்த்துவிட வேண்டும். கெடு யாருக்காகவும் காத்திருக்காது.