உமணர் வண்டி: சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

வீட்டை விற்றுவிட்டு, வண்டியில் இழுத்துச் செல்லும் ஒரு சிறு வீட்டை வாங்கி, ஆண்டு முழுவதும் அதிலேயே வாழ்வோர் மேலை நாடுகளில் உள்ளனர். எத்தகைய வண்டியைத் தேர்வது என்பது அவர்களிடையே ஓயாத விவாதம். கூரை ஒழுகுமா, அச்சு எவ்வளவு தாங்கும், தண்ணீருக்கு எவ்வளவு இடம், இழுக்கும் வாகனத்துக்கு வலு போதுமா என்று கேள்விகள் நீளும். இவையெல்லாம் இருபதாம் நூற்றாண்டில் பிறந்த கேள்விகள் என்றே நமக்குத் தோன்றும். ஆனால் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குச் சங்கப் பாடல்களில் விடை இருக்கிறது. அந்த விடைகளைத் தந்தவர்கள் உமணர்கள்.

உமணர் என்போர் உப்பு வணிகர். நெய்தல் நிலத்து உப்பளங்களில் உப்பைக் கொண்டு, வண்டி வண்டியாக உள்நாட்டுக்கு ஏற்றிச் சென்று, நெல்லுக்கு மாற்றியவர்கள். அவர்களது வண்டி வரிசைக்கு ஒழுகை என்று பெயர். குடும்பம் ஊரில் இருக்க, ஆண்கள் மட்டும் சரக்கோடு போய்வந்த வணிகம் அன்று இது. மனைவி, மக்கள், கோழி, உரல் என்று மொத்தக் குடித்தனமும் உடன் சென்றது.

பெரும்பாணாற்றுப்படை காட்டும் வண்டி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில், ஏறக்குறைய 20 அடிகளில் ஓர் உமண் ஒழுகையின் வருணனை வருகிறது. உவமைகளைச் சற்றே விலக்கி வைத்துவிட்டுப் படித்தால், அது ஒரு தச்சனின் குறிப்பேடு போலவே இருக்கிறது.

முதலில் சக்கரம். மத்தளம் போன்ற முழுமரக் குடம். அதிலிருந்து கிளம்பி வட்டைக்குள் செருகி நிற்கும் ஆரக்கால்கள். அடுத்து, கணைய மரங்களை இணைத்தாற்போன்ற பருத்த பார். அதற்கும் மேலே ஆரை வேய்ந்த கூரை. மழைக்காலத்துக் குன்று மேகத்தைச் சுமந்து நிற்பதுபோல் அது தோன்றியதாம். வாயிலில் கோழி அடையும் கூடு. தினைப்புனத்தில் யானை விரட்டுவோர் கட்டும் குடிசையைப் போன்றது என்கிறார் புலவர். அருகே ஒரு சிறு உரல் கட்டித் தொங்குகிறது. பெண்யானையின் முழந்தாள் அளவுக்கு அது இருக்கிறது. முன்புறத்தில் காடி வைத்த கலம் கயிற்றால் பிணிக்கப்பட்டிருக்கிறது.

வண்டியை ஓட்டுபவள் ஒரு பெண். உடன் குழந்தையும் இருக்கிறது. ஆண்கள் வேப்பந்தழைக் கண்ணி சூடி, பக்கவாட்டில் காவலாக நடந்து வருகிறார்கள்.

இந்த வருணனையில் வீண் பொருள் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உரல் இருந்தால் நெல்லாகவே வாங்கி நெல்லாகவே சுமக்கலாம், வேண்டும்போது குற்றிக்கொள்ளலாம். கோழி என்பது கெட்டுப்போகாத உணவு. காடி நாள்பட வைத்திருக்கக் கூடியது. உரலும் கலமும் உருளாதபடி கட்டப்பட்டிருக்கின்றன. குலுங்கும் வீட்டில் எதையும் தரையில் வைக்க இயலாது என்பது இன்றைய இழுவை வீட்டுக்காரர்களும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்ளும் பாடம்.

சேம அச்சு

புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், அதியமானின் மகன் பொகுட்டெழினியை உமணர் வண்டியின் ஓர் உறுப்புக்கு ஒப்பிடுகிறார். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ, யார் அறிவார்? ஆகவே உமணர்கள் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டி வைத்திருப்பார்கள். அந்தச் சேம அச்சைப் போன்றவன் நீ என்பது பாராட்டு.

ஓர் இளவரசனுக்கு இதைவிட நல்ல உவமை கிடைப்பது அரிது. ஆனால் நமக்கு வேண்டியது அதன் பின்னாலுள்ள தொழிலறிவு. இழுக்கும் விலங்கின் பழக்கம், ஏற்றிய சுமை, வழியின் தன்மை ஆகிய மூன்றையும் ஒருசேர எண்ணித்தான் அச்சைப் பற்றி முடிவு செய்திருக்கிறார்கள். மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் இந்த அனுபவ உலகத்திலிருந்து வந்ததே. இன்றும் முழுநேர வாழ்வுக்கு வண்டி தேடுவோர் முதலில் பார்க்க வேண்டியது வண்டியின் வெற்று எடைக்கும் அது தாங்கக்கூடிய மொத்த எடைக்கும் உள்ள இடைவெளியைத்தான். ஒரு வாரப் பயணத்துக்கு ஏற்றும் சாமான் வேறு, ஒரு வாழ்க்கைக்கு ஏற்றும் சாமான் வேறு. மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு வரை இணைப்புக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும் என்பது இன்றைய பொதுவிதி. பாரத்தை முன்பின்னாகச் சரிபார்த்து ஏற்றுவதைப் பாரவண்டிக்காரர்களும் அறிந்திருந்தார்கள்.

வண்டியா, பொதிமாடா?

சாலையில் வாழ முடிவு செய்தவருக்கு மற்றொரு தேர்வும் இருந்தது. சக்கரமே வேண்டாம் என்பது அது.

திண்டுக்கல்லை எடுத்துக்கொள்வோம். இது கடலில்லாச் சமவெளி. உப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். கிழக்கே சிறுமலை, தென்மேற்கே பழனிமலைத் தொடர். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் கோவலனுக்கு மதுரைக்குச் செல்லும் மூன்று வழிகளைச் சொல்கிறான். அவற்றுள் வலப்பக்க வழி சிறுமலையை ஒட்டிச் செல்வது. சமவெளியில் வண்டி ஓடும். மலையேற வேண்டுமானால் பொதிமாடோ கழுதையோதான் கதி.

பொதிமாட்டு வாழ்க்கையின் உச்சம் வட இந்தியாவிலும் தக்காணத்திலும் வாழ்ந்த பஞ்சாராக்கள். நம் பக்கத்தில் லம்பாடி என்று அறியப்படுபவர்கள் இவர்களே. 17ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் சுற்றிய பிரெஞ்சு வணிகர் தவர்னியே, 10,000 முதல் 12,000 வரை மாடுகள் கொண்ட சாத்துகளைக் கண்டதாக எழுதுகிறார். அவர்களுக்கு ஊர் இல்லை, கூடாரமே வீடு என்றும் குறிப்பிடுகிறார். கம்பெனிப் படைகள் 1790இல் திண்டுக்கல் கோட்டையைத் திப்புவின் ஆட்களிடமிருந்து கைப்பற்றின. அப்போது தொடங்கிய மைசூர்ப் போரில், பின்னர் காரன்வாலிஸின் படைக்குத் தானியம் சுமந்தவர்கள் இந்தப் பஞ்சாராக்களே. தமிழகத்தில் உப்பைப் பொதிவிலங்குகளில் சுமந்தவர்களுள் ஒரு பிரிவினர் உப்புக் குறவர் என்றே பெயர் பெற்றனர். 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகளில் இப்பெயரைக் காணலாம்.

இரண்டு முறைக்கும் விலை உண்டு. பொதிமாடு வழியைத் தேடாது, ஆனால் கூரையைச் சுமக்காது. வண்டி கூரையைச் சுமக்கும், ஆனால் வழி கேட்கும். உமணர் வீட்டைத் தேர்ந்தனர். பஞ்சாராக்கள் வழியைத் தேர்ந்தனர் எனலாம்.

ஐரோப்பாவில் இந்தத் தேர்வு மிகப் பிந்தி நிகழ்ந்தது. இங்கிலாந்தின் ஜிப்சிகள் குதிரை இழுக்கும் மரவீட்டு வண்டிகளில் வாழத் தொடங்கியது 19ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை அவர்களுக்குக் கூடாரமே. 1885இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவர், உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு வண்டி வீட்டைச் செய்வித்தார். "வாண்டரர்" என்று பெயரிட்ட அந்த வண்டியின் எடை ஏறத்தாழ 2 டன். இரண்டு குதிரைகள் இழுத்தன. முன்னால் ஒரு பணியாள் மூன்று சக்கர மிதிவண்டியில் சென்று வழி பார்த்தார். இன்றைய கேரவன்களுக்கு முன்னோடி இதுவே என்பார்கள்.

பாட்டில் ஒளியாத துன்பம்

இவ்வாழ்க்கையைப் புலவர்கள் அழகாகவே பாடியிருக்கிறார்கள். ஓரிடத்தில் தங்குவதை வெறுக்கும் சுற்றம் என்று நற்றிணை உமணரின் உறவினரைச் சொல்கிறது. சிறுபாணாற்றுப்படையில், ஒழுகையோடு வந்த மந்தி ஒன்று உமட்டியரின் பிள்ளைகளோடு முத்தைச் சிப்பிக்குள் இட்டுக் கிலுகிலுப்பை ஆடுகிறது. ஆனால் அவர்கள் மறைக்காமல் சொன்னவையும் உண்டு. புறநானூறு 307இல், கால் முடமான எருது ஒன்றைப் புல்லும் நீரும் தராமல் ஆளில்லாத இடத்தில் விட்டுவிட்டுப் போகிறார்கள் உமணர். நகரும் வீட்டில் நகர முடியாதவற்றுக்கு இடமில்லை. உமணர் தங்கிச் சென்ற இடத்தில் எஞ்சிய கல்லடுப்பில் மழவர் ஊன் சமைக்கும் காட்சி அகநானூற்றில் வருகிறது. ஒரு குடும்பம் அங்கே வாழ்ந்ததற்கு மிஞ்சிய தடயம் அந்தக் கற்கள் மட்டுமே.

சுற்றுவது குற்றமான கதை

இந்த வாழ்க்கை தானாகத் தேய்ந்து போகவில்லை. 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமாயிற்று. 1875இல் திருச்சிக்கும் மதுரைக்கும் இடையே திண்டுக்கல் வழியாக இருப்புப் பாதை வந்தது. பொதிமாடு வாரக்கணக்கில் சுமந்ததை ரயில் ஓர் இரவில் கொண்டு சேர்த்தது. உப்பு வணிகத்தை இழந்த குறவர்கள் எவ்வாறு சந்தேகத்துக்குரியவர்களாக ஆக்கப்பட்டனர் என்பதை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டுகிறார். 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நேற்றுவரை ஊருக்கு உப்பு கொண்டுவந்தவன், நிலையான முகவரி இல்லாத ஒரே காரணத்தால், இன்று காவல் நிலையத்தில் பெயர் பதிய வேண்டியவன் ஆனான். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதிலும் 1952இலும் இச்சட்டம் நீங்கியது. ஆனால் அது விதைத்த ஐயம் அவ்வளவு எளிதில் நீங்கவில்லை. நரிக்குறவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது 2023இல்தான்.

திண்டுக்கல்லை அடுத்து, தாடிக்கொம்புக்கு அருகே அகரம் என்றோர் ஊர் உண்டு. முத்தாலம்மன் கோயிலால் பெயர் பெற்றது. அகரம் என்ற சொல்லே குடியிருப்பைக் குறிப்பது. தமிழகமெங்கும் அகரங்கள் உண்டு. நிலைத்து வாழ்ந்தோருக்குத் தானமாகக் கிடைத்த நிலங்களும் கல்வெட்டுகளும் உண்டு. அவர்களுடைய சோற்றுக்கு உப்பு கொண்டுவந்தவர்களின் வாழ்க்கையைக் கல்வெட்டுகள் விரித்துச் சொல்வதில்லை. புலவர்கள் பாடாமல் விட்டிருந்தால் அந்த உரலும் கோழிக்கூடும் நமக்குத் தெரிந்தே இருக்காது.

ஆகவே, சக்கரத்தின் மேல் வாழ எண்ணி வண்டி தேர்வோர் அச்சையும் கூரையையும் பார்ப்பது சரியே. உமணரும் அதைத்தான் பார்த்தார்கள். ஆனால் விருப்பத்தால் வீட்டைத் துறந்து சுற்றுபவனைச் சுதந்திர மனிதன் என்று வியக்கும் நாம், பிழைப்புக்காகக் கூடாரத்தோடு ஊர் எல்லையில் வந்து தங்குபவனை என்னவென்று அழைக்கிறோம் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். வண்டி வந்தால் உப்பு வந்தது என்று வாசலுக்கு வந்த காலம் ஒன்று நமக்கும் இருந்தது.