அந்நியர் அறை: ஆர்ல்பெர்க் மலையில் விருந்தும் பனிச்சறுக்கும்

ஆஸ்திரியாவின் மேற்குப் பகுதியில், டிரோல், ஃபோரார்ல்பெர்க் என்னும் இரு மாநிலங்களுக்கும் இடையே ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஆர்ல்பெர்க் கணவாய், குளிர்கால விடுமுறையைக் கழிக்கவும் பனிச்சறுக்குப் பயிலவும் உலகின் பல நாட்டாரும் நாடி வரும் இடமாக இன்று விளங்குகிறது. அதன் வரலாற்றை விளையாட்டின் வரலாறாகவே எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் அந்த விளையாட்டுக்கு ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே அங்கே தொடங்கிவிட்ட மற்றொரு வரலாறு, அதாவது முன்பின் அறியாதவரைப் பனியிலிருந்து அழைத்து வந்து வீட்டுக்குள் இடங்கொடுத்த வரலாறு, அதனினும் ஆழமானது. அதை விட்டுவிட்டால் பனிச்சறுக்கு இந்த ஊர்களில் எவ்வாறு வேரூன்றியது என்பதும் விளங்காது.

அந்த வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் ஹைன்ரிஷ் ஃபிண்டல்கிண்ட் என்னும் பன்றி மேய்ப்பவர். ஃபிண்டல்கிண்ட் என்ற சொல்லுக்குக் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்று பொருள். பெற்றோர் இன்னாரென்று அறியாதவராதலால் அதுவே அவர் பெயராக நின்றது. கணவாயில் பனியில் சிக்கி மாண்டவர்களின் உடல்கள், கண்களைப் பறவைகள் கொத்திய நிலையில் ஊருக்குள் கொண்டுவரப்பட்டதைக் கண்டு மனம் பொறாத அவர், கூலியில் மிச்சம் பிடித்த 15 குல்டன் நாணயங்களை முதலாக வைத்து, ஆஸ்திரியக் கோமகன் மூன்றாம் லியோபோல்டின் இசைவையும் பெற்று, 1386-ஆம் ஆண்டில் கணவாயின் உச்சியில் ஒரு சத்திரம் எழுப்பினார். வழிப்போக்கரின் காவலராகக் கிறித்தவர் வணங்கும் புனிதர் கிறிஸ்டோஃபரின் பெயர் அதற்கு இடப்பட்டது. அதைப் பேண நிறுவப்பட்ட சகோதர சங்கத்துக்குப் பொருளுதவி செய்த பிரபுக்களின் குலச்சின்னங்கள் வண்ணமாகத் தீட்டப்பட்ட ஏடுகள், இடைக்கால ஐரோப்பாவின் அரிய ஆவணங்களாகப் போற்றப்படுகின்றன. ஆனால் அந்தச் சின்னங்களுக்கெல்லாம் அடியில் இருப்பது, தனக்கென்று வீடே இல்லாதிருந்த ஒருவர் பிறருக்காகக் கட்டிய வீடு என்பதை மறக்கலாகாது.

சத்திரம் உயிரைக் காத்ததே தவிர, மலையின் வறுமையைப் போக்கவில்லை. சரிவான சிறு நிலங்களும் நீண்ட குளிர்காலமும் பெரிய குடும்பங்களுக்கு உணவளிக்கப் போதாமையால், டிரோல், ஃபோரார்ல்பெர்க் மக்களும் அண்டையிலுள்ள சுவிட்சர்லாந்தின் கிராவுபுண்டன் மக்களும் தம் குழந்தைகளை ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் வடக்கே ஷ்வாபியா என்னும் ஜெர்மானிய நாட்டுப்புறத்துக்கு வேலைக்கு அனுப்பினர். ஷ்வாபென்கிண்டர், அதாவது ஷ்வாபியக் குழந்தைகள், என்று அழைக்கப்பட்ட இவர்களில் பள்ளிப் பருவத்துச் சிறுவர் சிறுமியர் பலர். ஒரு பாதிரியாரோ பெரியவரோ வழிநடத்த, பனி இன்னும் உருகாத ஆர்ல்பெர்க் கணவாயை நடந்தே கடந்து, ராவென்ஸ்புர்க் போன்ற ஊர்களின் சந்தையில் நின்று, தம்மைத் தேர்ந்தெடுத்த குடியானவரின் வீட்டில் மாடு மேய்த்தும் வீட்டு வேலை செய்தும் நவம்பர் வரை தங்கினர். உணவும், சிறு கூலியும், ஊர் திரும்புகையில் புதிய உடுப்பும் காலணியுமே அவர்கள் பெற்ற ஊதியம். அயல்நாட்டுக் குடும்பத்தோடு தங்குவது என்பது இந்த மலைக் குழந்தைகளுக்கு முதலில் பசியின் கட்டாயமாகவே அறிமுகமாயிற்று. ராவென்ஸ்புர்க் அடங்கிய வூர்ட்டம்பெர்க்கின் அரசு 1921-இல் கட்டாயக் கல்வியை வெளிநாட்டுக் குழந்தைகளுக்கும் உரியதாக்கிய பின்னரே இவ்வழக்கம் ஏறத்தாழ மறைந்தது.

இதற்கிடையே 1884-இல், கணவாயின் அடியில் பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் நீளும் சுரங்கத்தின் வழியே ரயில் ஓடத் தொடங்கியது. வண்டி ஓட்டியும் குதிரை மாற்றிக் கொடுத்தும் பிழைத்து வந்த ஷ்டூபென் முதலிய வழியோர ஊர்கள் நலிவுற்றன. எனினும் அந்த ரயிலே பின்னர் விருந்தினரையும் ஏற்றி வந்தது.

பனிச்சறுக்குப் பலகை இம்மலைக்கு உரியதன்று. அது ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து வந்தது. 1890-களின் நடுப்பகுதியில் அத்தகைய பலகைகளை வரவழைத்துக்கொண்ட வார்த் ஊர்ப் பாதிரியார் யோஹான் மியூலர், ஊரார் நகைப்பர் என்று அஞ்சி முதலில் இரவில் பழகினார் என்றும், பின்னர் அவற்றின் மீதேறி லெக் என்னும் பக்கத்து ஊருக்குச் சென்று வந்தார் என்றும் அப்பகுதியில் சொல்லப்படுகிறது. 1901 ஜனவரி 3-ஆம் நாள், ஃபிண்டல்கிண்டின் சத்திரம் நின்ற அதே இடத்தில் கூடிய நண்பர் குழுவொன்று ஆர்ல்பெர்க் பனிச்சறுக்குக் கழகத்தைத் தோற்றுவித்தது. ஷ்டூபெனில் 1890-இல் பிறந்த ஹன்னஸ் ஷ்னைடர், 1907-இல் சங்க்ட் ஆன்டோன் ஊரின் விடுதியொன்றில் விருந்தினருக்குக் கற்பிக்கும் ஆசிரியராக அமர்ந்தார். முழங்காலை நன்கு மடக்கி, உடலைத் தாழ்த்தி, பலகைகளின் பின்முனைகளை அகற்றி முன்முனைகளை நெருக்கி வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிலையிலிருந்து, படிப்படியாகப் பலகைகளை இணைத்துத் திரும்பும் நிலைக்குக் கொண்டு செல்வதே அவர் வகுத்த முறை. கற்பவரைத் திறனுக்கேற்ப வகுப்புகளாகப் பிரித்துக் கற்பித்தமையால், மலையையே பார்த்திராத நகரத்தாரும் சில நாள்களில் சரிவில் இறங்க முடிந்தது. ஷ்வாபியாவுக்குக் குழந்தைகள் செல்வது நின்ற அதே காலத்தில், 1920-களின் தொடக்கத்தில், அவருடைய பனிச்சறுக்குப் பள்ளி உருப்பெற்றது. ஓரிரு தலைமுறைக்கு முன் குழந்தைகள் கூலிக்காகக் கடந்த பனியில் இப்போது பிற நாட்டுக் குழந்தைகள் விளையாட வந்தனர்.

வந்தவர் அனைவரையும் விடுதிகள் கொள்ளவில்லை. ஆகவே குடும்பங்கள் தம் வீட்டின் அறைகளையே ஒழித்துக் கொடுத்தன. பருவ காலத்தில் வீட்டார் தம் படுக்கையறைகளை விருந்தினருக்கு விட்டுவிட்டுப் பரணிலோ நிலவறையிலோ உறங்கியது, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் டிரோல் முழுவதும் சாதாரண நிகழ்ச்சி. வீட்டார் தாமே கவனித்துக்கொள்ளும் பத்துப் படுக்கைகள் வரையிலான அறை வாடகையை, வணிக உரிமம் தேவைப்படாத வீட்டுத் துணைத்தொழிலாக ஆஸ்திரியச் சட்டம் இன்றும் கருதுகிறது. விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவதும், காலையுணவு பரிமாறுவதும், பனியில் நனைந்த கையுறைகளைக் காயவைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பாகவே இருந்தன. கழகங்களின் வரலாறுகளில் அவர்கள் பெயர்கள் காணப்படாதது பெருங்குறை.

இவ்வீடுகளின் நடுவே அமைந்தது ஷ்டூபே எனப்படும் அறை. சுவரும் கூரையும் பலகை பாவி, மூலையில் ஓடு பதித்த பெரிய கணப்பும் அதைச் சுற்றி மரத்திண்ணையும் கொண்ட இவ்வறையே பழைய வீடுகளில் பெரும்பாலும் சமையற்கட்டு நீங்கலாகச் சூடேற்றப்பட்ட ஒரே இடம். ஆகவே விருந்தினரும் வீட்டாரும் மாலைப் பொழுதில் அங்கே ஒன்றாக அமர்வதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை. மொழி கற்பதும் பழக்கம் வளர்வதும் அந்தத் திண்ணையில்தான் நடந்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் குடும்பத் தலைவர் தணல் நிறைந்த சட்டியில் சாம்பிராணியிட்டு, வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் தொழுவத்துக்கும் புகை காட்டிச் செல்வது இப்பகுதியின் பழைய வழக்கம். வாடகைக்குத் தங்கியவரின் அறைக்கும் அப்புகை சென்றது என்பதில், அவர் அவ்வீட்டில் பெற்ற இடம் புலப்படுகிறது.

வாடகை அறைக்கு அங்கே வழங்கிய பழைய சொல் ஃப்ரெம்டென்ட்சிம்மர். நேர்ப்பொருள் அந்நியர் அறை. பிற்காலத்தில் அது வழக்கொழிந்து, விருந்தினர் அறை என்று பொருள்படும் சொல் பெருகியது. விருந்து என்னும் தமிழ்ச்சொல் புதுமையையும் புதிதாய் வந்தவரையும் குறித்து, பின்னரே உணவளிப்பைச் சுட்டியது; அந்நியத்தன்மையை இழிவாக எண்ணாத இந்தச் சொல்லாட்சியோடு ஒப்பிட்டால், ஜெர்மன் சொல் மாறிய மாற்றத்தின் அருமை விளங்கும். ஆண்டுதோறும் அதே வீட்டுக்கு வரும் குடும்பங்களுக்கு ஊராட்சி சார்பில் சின்னம் அணிவித்துச் சிறப்புச் செய்யும் வழக்கமும் டிரோலில் ஏற்பட்டது.

வீட்டாருக்கும் விருந்தினருக்கும் இடையிலான இந்த உறவு அரசியலால் எளிதில் முறியக்கூடியதாகவும் இருந்தது. 1933-இல் நாஜி ஜெர்மனி, ஆஸ்திரியா செல்லும் தன் குடிமக்கள் ஒவ்வொருவரும் 1,000 மார்க் கட்ட வேண்டுமென்று விதித்தவுடன், ஜெர்மானிய விருந்தினரையே பெரிதும் நம்பியிருந்த மேற்கு ஆஸ்திரிய வீடுகள் வெறிச்சோடின. 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஜெர்மனியோடு இணைக்கப்பட்டபோது, நாஜிகளுக்கு இணங்காத ஷ்னைடர் சிறைப்பட்டார். முப்பது ஆண்டுகள் பிறரை வரவேற்ற ஊரில் வாழ முடியாதவராகி, 1939 பிப்ரவரியில் குடும்பத்தோடு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து நார்த் கான்வே ஊரின் ரயில் நிலையத்தில் வந்திறங்கினார். அவ்வூர்ப் பள்ளிக் குழந்தைகள் பனிச்சறுக்குக் கோல்களை இரு பக்கமும் உயர்த்திப் பிடித்துத் தோரணம்போல் நிற்க, அதன் கீழே அவர் நடந்து ஊருக்குள் சென்றார்.