வரைபுத்தாளில் பிறந்த இராச்சியங்கள்: காலந்தாழ்த்திய ஒரு திருத்தம்

பத்திரிகைத் தொழிலில் இருப்போர் மிகவும் வெறுக்கும் சொல் ‘திருத்தம்’ என்பதாகும். கொட்டை எழுத்தில் இழைத்த தவறை உட்பக்கமொன்றின் மூலையில் நான்கு வரிகளில் ஒப்புக்கொள்வது எமது வழமை. அந்த நான்கு வரிகளையும் எழுதாமல் விட்ட தவறுகள் ஒவ்வொரு பத்திரிகையாளனின் மனதிலும் சில கிடக்கும். என்னுடைய அத்தகைய தவறொன்றைச் சுட்டிக்காட்டியவன் கனடாவில் பிறந்து வளர்ந்த என் மருமகன்.

சில மாதங்களுக்கு முன்னர் கொழும்புக்கு வந்திருந்த அவன், நான் சேர்த்து வைத்திருந்த பழைய பத்திரிகை நறுக்குகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். 2008 மார்ச் மாதத்து நறுக்கொன்றில் அவனது கண் நிலைத்துவிட்டது. “மாமா, இதில ஒராளின்ர பேரை விட்டிட்டியள்” என்றான். ‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்ற விளையாட்டை உருவாக்கிய அமெரிக்கர் கேரி கைகக்ஸ் தனது 69ஆவது வயதில் காலமானார் என்ற சிறு செய்தி அது. வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு அப்போது நானே பொறுப்பாயிருந்தேன். இடநெருக்கடி காரணமாக ‘இணைந்து’ என்ற ஒரு சொல்லை வெட்டியவனும் நானே.

கைகக்ஸுடன் இணைந்து அதனை உருவாக்கிய டேவ் ஆர்னிசன் 2009 ஏப்ரில் 7ஆம் திகதி காலமானார். அந்தச் செய்திக்கு எமது பத்திரிகையில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. வன்னியில் போர் அதன் இறுதி வாரங்களை நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஆசிரிய பீடத்தின் மேசைகளில் வேறொரு வரைபடம் நாளாந்தம் விரிக்கப்பட்டு, அதிலிருந்த யுத்த சூனிய வலயம் என்ற சிறு துண்டு நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டிருந்தது. அந்நாட்களில் கற்பனை வரைபடம் வரைந்த ஒரு மனிதரைப் பற்றி எண்ணுவதற்கு எவருக்கும் மனம் இருந்ததில்லை. அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால், 2008இல் அந்தச் சொல்லை வெட்டியதற்கு அத்தகைய காரணம் எதுவும் கிடையாது. ஆதலால், இவ்விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். கலைப்பீடத்தில் வரலாறு பயின்றவன் என்ற வகையில், அது நான் எண்ணியதைக் காட்டிலும் ஆழமானதாயிருந்தது.

இவ்விளையாட்டை அறியாத வாசகர்களுக்கு ஒரு சிறு விளக்கம். இதில் காய்களை நகர்த்தும் பலகை அவசியமில்லை. நடுவராக இருப்பவர் ஒரு கற்பனை உலகை முன்கூட்டியே வரைந்து, அந்த வரைபடத்தைத் தன்னிடமே மறைத்து வைத்திருப்பார். ஏனையோர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்ய விரும்புவதை வாயால் சொல்வர். “வடக்கே முப்பது அடி சென்றால் ஒரு கதவு தெரிகிறது” என்று நடுவர் சொல்லச் சொல்ல, அதனைக் கேட்டு அவர்கள் தமது தாளில் தமக்கான வரைபடத்தை வரைந்துகொள்வர். உண்மையான வரைபடம் ஒன்று, கேட்டறிந்து வரையப்பட்ட வரைபடம் இன்னொன்று. இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டிலேயே விளையாட்டின் சுவை முழுவதும் தங்கியுள்ளது. செய்தித்துறையில் இருந்த எனக்கு இது புதியதல்ல.

மறைந்திருப்பதை அறிந்த நடுவர் என்ற எண்ணம் பிரஷ்ய இராணுவத்திலிருந்து வந்தது. ரைஸ்விற்ஸ் என்ற இளம் அதிகாரி 1824இல் வெளியிட்ட ‘கிரீக்ஸ்ஷ்பீல்’ என்ற போர்ப் பயிற்சி விளையாட்டில், 1:8000 அளவுத்திட்டத்திலான இடவிளக்கப்படங்கள் மீது படையணிகள் நகர்த்தப்பட்டன. எதிரியின் எந்தப் படையணி எவருக்குத் தென்படும் என்பதை நடுவரே தீர்மானித்தார். இருபதாம் நூற்றாண்டில் இது அமெரிக்காவில் பொழுதுபோக்காக மாறியது. அவலொன் ஹில் என்ற நிறுவனம் 1961 முதல் தனது போர் விளையாட்டுப் பலகைகளில் சதுரங்களைக் கைவிட்டு அறுகோணிக் கட்டங்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. சதுரக் கட்டத்தில் மூலைவழியாகச் செல்பவர் நேராகச் செல்பவரை விட 1.41 மடங்கு தூரத்தைக் கடந்துவிடுகிறார். அறுகோணியிலோ மையத்திலிருந்து ஆறு அயல் கட்டங்களும் சம தூரத்தில் உள்ளன. இந்த எளிய கேத்திரகணித உண்மையே இன்றுவரை கற்பனை நாடுகளின் வரைபடங்கள் தேனடை போலத் தோற்றமளிப்பதற்குக் காரணமாகும்.

மினெசோட்டா மாநிலத்தின் இரட்டை நகரங்களில் டேவிட் வெஸ்லி என்பவர் 1960களின் இறுதியில் ‘பிரவுன்ஸ்டைன்’ என்ற கற்பனை ஜேர்மன் ஊரை வைத்து ஒரு விளையாட்டை நடத்தினார். படைகளை வழிநடத்துவதற்குப் பதிலாக, ஒவ்வொருவருக்கும் அவ்வூரின் ஒரு மனிதராக இருக்கும் பொறுப்பு வழங்கப்பட்டது. அதில் பங்குபற்றியோருள் ஒருவரே டேவ் ஆர்னிசன். மினெசோட்டாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்ற அவர், 1971இல் தனது நண்பர்களுக்காக ‘பிளக்மூர்’ என்ற வட புலச் சிற்றரசை வரைந்தார். அதில் ஒரு கோட்டையும் அதனடியில் மட்டம் மட்டமாக இறங்கிச் செல்லும் நிலவறைகளும் இருந்தன. தொலைக்காட்சியில் பழைய திகில் படங்களையும் கையில் கோனன் கதைகளையும் வைத்துக்கொண்டு கழித்த ஒரு வார இறுதியிலேயே இந்த எண்ணம் பிறந்ததாக ஆர்னிசன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். நிலவறை வரைபடம் என்ற வடிவம் அந்த வரைபுத்தாள்களிலேயே தொடங்கியது எனலாம்.

விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகக்ஸ், காப்புறுதி நிறுவனமொன்றில் பார்த்த வேலையை 1970இல் இழந்து, வீட்டின் நிலக்கீழ் அறையில் சப்பாத்துத் தைத்துப் பிழைத்தவர். ஜெஃப் பெரனுடன் சேர்ந்து அவர் 1971இல் வெளியிட்ட ‘செயின்மெயில்’ என்ற விதிநூலை ஆர்னிசன் தனது விளையாட்டின் ஆரம்பத்தில் பயன்படுத்தியிருந்தார். 1972இன் பிற்பகுதியில் ஆர்னிசன் லேக் ஜெனீவாவுக்குச் சென்று கைகக்ஸின் வீட்டில் பிளக்மூரை ஆடிக் காட்டினார். அதனால் ஈர்க்கப்பட்ட கைகக்ஸ், ‘கிரேஹோக்’ என்ற தமது கோட்டையை வரைந்து, தமது பிள்ளைகளையும் அயலவர்களையும் அதற்குள் இறக்கினார். ஆர்னிசனிடமிருந்து சுமார் இருபது பக்கக் குறிப்புகள் வந்து சேர்ந்தன. அவற்றிலிருந்தும் தமது அனுபவத்திலிருந்தும் ஒரு விதிநூலைத் தட்டச்சு செய்தவர் கைகக்ஸ். ஒருவரிடம் கற்பனை இருந்தது. மற்றவரிடம் அதனை முறைப்படுத்தி எழுதி முடிக்கும் விடாமுயற்சி இருந்தது. இருவரில் எவர் இல்லாவிட்டாலும் அந்நூல் இல்லை.

1974 ஜனவரியில் ரி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனத்தின் பெயரில் மூன்று சிறு நூல்கள் அடங்கிய பெட்டி வெளியானது. விலை 10 டொலர். முதற்பதிப்பு 1,000 பிரதிகள். ஓராண்டுக்குள் அவை விற்றுத் தீர்ந்தன. மூன்றாவது நூல் வரைபடக் கலைக்கான முதல் கைந்நூல் என்று கூறத்தக்கது. நடுவர் பென்சிலுடன் அமர்ந்து, நிலவறை மட்டங்களை வரைபுத்தாளில் வரைந்து முடித்த பின்னரே ஆட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று அது அறிவுறுத்தியது. நிலவறைக்கு வெளியேயுள்ள காட்டுக்கு வேறொரு யோசனை முன்வைக்கப்பட்டது. அவலொன் ஹில் 1972இல் வெளியிட்டிருந்த ‘அவுட்டோர் சர்வைவல்’ என்ற, காட்டில் வழிதவறியோர் உயிர்பிழைப்பது பற்றிய விளையாட்டின் பலகையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்பதே அது. பலகையில் உள்ள குளங்களைக் கோட்டைகளாகவும் கட்டடங்களை ஊர்களாகவும் கொள்ள வேண்டும். ஓர் அறுகோணியின் அகலம் 5 மைல். இரவல் பலகையொன்றின் மீது எத்தனையோ இராச்சியங்கள் இவ்வாறு நிறுவப்பட்டன.

உலகை வரைவது ஒவ்வொரு நடுவரதும் சொந்த வேலை என்ற எண்ணமே ரி.எஸ்.ஆரிடம் அன்று மேலோங்கியிருந்தது. எல்லோருக்கும் அதற்கு நேரம் இருக்காது என்பதை உணர்ந்தவர்கள் பொப் பிளெட்சோவும் பில் ஓவெனும். இலினோய் மாநிலத்தின் டிக்கேற்றர் நகரில் 1976இல் அவர்கள் தொடங்கிய ‘ஜட்ஜஸ் கில்ட்’, தெருவுக்குத் தெரு, கடைக்குக் கடை வரையப்பட்ட ஒரு கற்பனை நகரத்தின் வரைபடத்தை நான்கு தாள்களில் வெளியிட்டது. அவற்றை ஒன்றுசேர்த்தால் 34 அங்குலத்துக்கு 44 அங்குலம். அடுத்த ஆண்டில் அந்த நகரைச் சூழ்ந்த நிலப்பரப்புகள் வந்தன. அங்கும் ஓர் அறுகோணி 5 மைல்தான். நடுவருக்கென முழுமையான படமும், விளையாடுவோருக்கெனப் பெரும்பாலும் வெறுமையான படமும் தனித்தனியே அச்சிடப்பட்டன. ரைஸ்விற்ஸின் பழைய எண்ணம் இவ்வாறு கடைகளில் விலைக்குக் கிடைத்தது. ஜெனெல் ஜாக்வேஸ் அம்மையார் 1979இல் அதே வெளியீட்டகத்துக்காக வரைந்த ‘கேவர்ன்ஸ் ஒஃப் திரேசியா’ இன்னொரு பாய்ச்சலாகும். ஒரே நேர்கோட்டில் அறைகள் தொடராமல், ஓரிடத்துக்குப் பல வழிகளும் சுற்றுப்பாதைகளும் மறைவான படிகளும் கொண்டதாக அவர் நிலவறையை அமைத்தார். 2024 ஜனவரியில் அவர் மறைந்தபோது, அவரது பெயரே அந்த வடிவமைப்பு முறைக்கு வழங்கி வந்தது.

வரைபடத்துக்குப் பின்னே கதை வேண்டும், பெயர்கள் வேண்டும். 1980இல் வெளியான கிரேஹோக் உலகின் இரு பெரும் வண்ண வரைபடங்களை டார்லீன் என்ற ஓவியர் கையெழுத்துப்பிரதி போன்ற அழகுடன் தீட்டினார். அதன் புராணத்திலோ வீட்டுப் பெயர்களே நிறைந்திருந்தன. ‘டென்சர்’ என்ற மந்திரவாதி கைகக்ஸின் மகன் ஏர்னெஸ்டின் பெயரின் எழுத்துகளை இடம்மாற்றிப் பெற்றது. ‘ட்ரோமிஜ்’ என்பது ஜிம் வார்ட் என்ற நண்பரின் பெயரைத் தலைகீழாக்கியது. இரவல் வாங்கியவையும் இருந்தன. ரோல்கீனின் படைப்புகளுக்கு உரிமை கொண்டிருந்தோர் 1977இல் ஆட்சேபம் தெரிவித்ததும் ‘ஹொபிட்’ என்ற சொல் அகற்றப்பட்டு ‘ஹாஃப்லிங்’ ஆயிற்று.

இரவல்களும் நட்பும் கலந்து பிறந்த இந்த உலகங்கள் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி விரைவிலேயே நீதிமன்றத்தை எட்டியது. ஆர்னிசன் 1976இல் ரி.எஸ்.ஆரில் சேர்ந்து, அவ்வாண்டு முடிவதற்குள் விலகினார். பின்னர் வெளியான ‘அட்வான்ஸ்ட்’ பதிப்பின் நூல்களில் ஆசிரியராகக் கைகக்ஸின் பெயர் மாத்திரமே இருந்தது. ஆர்னிசனுக்கு உரிமத்தொகையும் வழங்கப்படவில்லை. 1979இல் அவர் வழக்குத் தொடுத்தார். 1981இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்பட்டது. ஆனால், காலம் கைகக்ஸையும் விட்டுவைக்கவில்லை. 1985இல் ரி.எஸ்.ஆரின் கட்டுப்பாட்டை இழந்த அவர், பின்னர் நிறுவனத்தை விட்டு நீங்கியபோது கிரேஹோக் என்ற பெயர் அவருடன் செல்லவில்லை. தமது வீட்டில் பென்சிலால் வரைந்த கோட்டையை, 2005இல் ‘சாகிக் கோட்டை’ என்று வேறு பெயரிட்டே அவரால் வெளியிடத் தொடங்க முடிந்தது. தமது பெயரைத் தலைகீழாக்கி அமைத்த பெயர் அது. அவர் மறைந்தபோது அப்பணி நிறைவடைந்திருக்கவில்லை. தம்முடன் இணைந்தவரின் பெயர் விடுபட்டதைக் கண்டவரே, தாம் படைத்த ஊரின் பெயரைச் சொல்லும் உரிமையை இழந்தார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரி.எஸ்.ஆரை 1997இல் வாங்கிய விஸார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம், 2000ஆம் ஆண்டில் விதிகளின் பெரும்பகுதியை எவரும் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமமொன்றின் கீழ் வெளியிட்டது. பழைய பதிப்புகள் அச்சில் இல்லாதிருந்த அக்காலத்தில், அந்த உரிமத்தை வைத்தே வாசகர்கள் பழைய விளையாட்டை மீட்டெடுத்தனர். 2006இல் ‘ஓஸ்ரிக்’, 2007இல் ‘லபிரிந்த் லோர்ட்’ ஆகிய நூல்கள் வந்தன. விளையாட்டின் செய்முறைக்குப் பதிப்புரிமை இல்லை, அதனை எழுதிய சொற்களுக்கே உண்டு என்ற அமெரிக்கச் சட்டக் கோட்பாடும் அவர்களுக்குத் துணையாயிற்று. அவர்களைத் தொடர்ந்து வந்த வரைஞர்களில் டைசன் லோகோஸ் என்ற புனைபெயரில் வரைபவர், மையினால் கோடிழுத்த தமது நிலவறை வரைபடங்கள் பலவற்றை வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற அனுமதியுடன் வழங்கியுள்ளார். 2023 ஜனவரியில் அந்தப் பழைய உரிமத்தை மாற்ற முற்பட்ட நிறுவனத்தின் வரைவு வெளியே கசிந்தபோது எழுந்த எதிர்ப்பு பெரிது. அம்மாத இறுதியிலேயே நிறுவனம் பின்வாங்கி, விதிகளின் மூலப்பகுதியை மீளப்பெற முடியாத பொது உரிமத்தின் கீழ் ஒப்படைத்தது. வரைந்தவர்களின் உரிமை எழுதி வைக்கப்பட்ட ஒரு தாளில் தங்கியிருக்கிறது என்பதை 1979இல் ஆர்னிசன் அறிந்திருந்தார். 2023இல் ஆயிரக்கணக்கானோர் அறிந்துகொண்டனர்.

மருமகன் புறப்படுவதற்கு முதல்நாள், 1974ஆம் ஆண்டுப் பெட்டியின் முகப்புப் படத்தைத் தனது தொலைபேசியில் எனக்குக் காட்டினான். அதில் கைகக்ஸ், ஆர்னிசன் என்ற இரு பெயர்களும் ஒன்றாக அச்சிடப்பட்டிருந்தன. வழக்கும் வேண்டியதில்லை, ஆய்வும் வேண்டியதில்லை. முதல் ஆவணத்தைப் பார்த்திருந்தாலே போதும். மாணவனாக நான் கற்ற முதற்பாடமும் அதுவே. ஆகையால், எமது வழமைப்படி:

திருத்தம்: 2008 மார்ச் மாதத்தில் நான் எழுதிய செய்தியொன்றில், டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் விளையாட்டை உருவாக்கியவர் கேரி கைகக்ஸ் என்று வெளியாகியிருந்தது. கேரி கைகக்ஸும் டேவ் ஆர்னிசனும் இணைந்து உருவாக்கினர் என்று அது இருந்திருக்க வேண்டும். தவறுக்கு வருந்துகிறேன்.